வரைவது ஒன்று, காட்டுவது ஒன்று

எங்கள் வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படிகள். மயூர் விஹாரில் கூட்டுறவு சொசைட்டி கட்டிய அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. ஒரு படியின் உயரம் ஏழு அங்குலம் என்று கட்டட வரைபடத்தில் இருந்தது. நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். பதினோரு படிகள் ஏழரை அங்குலம். கட்டிய காண்ட்ராக்டரைத் திட்டுவதற்கு அந்த அரை அங்குலம் எனக்குப் பல வருடம் கைகொடுத்தது. மத்திய அரசின் கட்டுமான அலுவலகம் ஒன்றில் வரைவாளனாக இருந்தவன் நான். எதையும் அளக்காமல் நம்பும் பழக்கம் இல்லை. அதோடு முன்கோபமும் உண்டு.

என் மனைவி பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் தமிழ் டீச்சர். தில்லியில் பிறந்து ‘அச்சா’, ‘ஜல்தி’ என்று பேசி வளரும் பிள்ளைகளுக்கு ழகரம் வரவைப்பதற்காகப் பன்னிரண்டு வருடம் தொண்டையைக் கிழித்துக்கொண்டவள். முடக்குவாதம் வந்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கால்கள். ஒரு கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடியபோது படியேறி வந்தவளால், பள்ளி திறந்தபோது இறங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் நான்கே முறை கீழே வந்தாள். நான்கும் ஆஸ்பத்திரிக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வாட்ச்மேனும் துணி இஸ்திரி போடுகிறவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கீழே வரும்வரை கண்ணைத் திறக்க மாட்டாள். “பொணத்தத் தூக்குத மாதிரில்லா தூக்குதாவ. இனிமே என்னக் கீழ கூப்புடாதிய” என்று நான்காவது முறை சொன்னாள். எங்களுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் அவளிடம் ஊர்ப்பேச்சு இன்னும் கூடும்.

கேட்டால் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கி வரும் முருங்கைக்காயெல்லாம் முற்றல், வெண்டைக்காயெல்லாம் நார். கடைக்காரன் முறைக்க முறைக்க, ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனியை ஒடித்துப் பார்த்துத் தானே பொறுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மகள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸ் போய்விட்டால் அவளுக்கு உலகம் என்பது பால்கனிதான். காய்கறி வண்டி வந்தால் நைலான் கயிற்றில் நீல பிளாஸ்டிக் வாளியைக் கட்டி இறக்குவாள். வண்டிக்காரர் வாளியில் போடுவது அவளுக்குப் பிடிக்காது. மேலேயிருந்து திட்டுவாள். அவர் தலையாட்டிவிட்டு மறுநாளும் அதையே போடுவார்.

லிப்ட் வைத்தால் எல்லாம் தீரும். மாடிப்படிக்குப் பின்பக்கம் அதற்கு இடமும் இருந்தது. அந்தப் படியைப் புழங்கும் வீடுகள் எட்டு. எட்டுப் பேரும் ஆண்டுப் பொதுக்குழுவில் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் என்பது சொசைட்டி விதி. ஏழு பேர் சரி என்றார்கள். கீழ்வீட்டு அங்கிள் மட்டும் தயங்கினார்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பஞ்சாபிக்காரர். குளிர்காலத்தில் அவருடைய மனைவி ஐம்பத்து நான்கு படிகளும் ஏறி வந்து, என் மனைவியோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துவிட்டுப் போவார். அங்கிளின் கவலையெல்லாம் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல். அதன் வெளியே, லிப்ட் வரவேண்டிய இடத்தை ஒட்டித்தான் ஆன்ட்டி ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் வைப்பார், புதினா வளர்ப்பார். லிப்ட் வந்தால் சமையலறை இருட்டாகிவிடும் என்று அங்கிள் பயந்தார். நான் வரைபடத்தைக் கொண்டுபோய் விரித்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் வெளிச்சம் எங்கே இருக்கிறது?” என்று ஹிந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வரைபடங்களில் கோடுகள் இருக்கும், அளவுகள் இருக்கும், வெளிச்சம் இருக்காது. “வெளிச்சம் வருமென்று கண்ணால் காட்டிவிடு பேட்டா, அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறேன்” என்றார்.

காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வரைந்த கட்டடத்துக்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்டும் மென்பொருள் அப்போது எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதில் அந்தப் படம் தவழ்ந்தது. நேரு பிளேஸில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், பெட்டிக்குள் இன்னொரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடச் சொன்னார். தொண்ணூறுகளின் கடைசியில் அதுதான் புதுசு. ஏற்கெனவே உள்ள கார்டு எழுத்தையும் ஐகானையும் காட்டும். புது கார்டில் இருக்கிற சில்லு கனமான படங்களை மட்டும் வரையும். பழைய கார்டிலிருந்து புது கார்டுக்கு, பெட்டியின் பின்பக்கமாக, ஒரு சாண் நீளத்தில் குட்டி ஒயர் ஒன்று போகும். மானிட்டர் ஒயரைப் புது கார்டில் செருக வேண்டும். சாதாரண நேரத்தில் பழைய கார்டின் படம் குட்டி ஒயர் வழியாகப் புது கார்டுக்குள் புகுந்து மானிட்டருக்கு வரும். கனமான படம் ஓடும்போது பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். புது கார்டு பழையதை நிறுத்திவிட்டுத் தன் படத்தை அனுப்பும். கடைக்காரரே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். தூசி துடைக்கும் நாள் வரும்வரை நான் அதன் பின்பக்கத்தைத் தொட்டதே இல்லை.

இரண்டு மாதம், ஆபீஸ் விட்டு வந்து வரைந்தேன். கண்ணாடிச் சுவர் வைத்த லிப்ட். ஐப்பசிமாத வெயில், காலை பதினொரு மணிச் சாய்வு. லிப்ட் கீழிருந்து கிளம்பும். போகிற போக்கில் அங்கிளின் சமையலறை ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கலாம்; தரையில் வெயில் விழுந்திருக்கும். ஒவ்வொரு மாடி வந்ததும் ஒரு மணி அடிக்கும். ஆன்ட்டியின் புதினாவைக்கூட விடவில்லை. என் மனைவி பாதியில் எட்டிப் பார்க்க வந்தாள். “முடியட்டும், அப்புறம் பாரு” என்று விரட்டிவிட்டேன். அரைகுறையாக எதையும் காட்டப் பிடிக்காது எனக்கு.

பொதுக்குழு தசரா அன்று காலை பத்து மணிக்கு என்று அறிவிப்பு வந்தது. எல்லோருக்கும் விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், மாலையில் ராவணன் எரிவதைப் பார்க்கப் போவதற்குள் கூட்டத்தை முடித்துவிடலாம் என்பது கணக்கு. நமக்கு அது விஜயதசமி. அதற்கு முந்தைய நாள் சரஸ்வதி பூஜை. டீச்சர் வீட்டில் சரஸ்வதி பூஜை என்றால் விளையாட்டில்லை. அன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை பூஜை முடியும்வரை தொடக் கூடாது. இந்த வருடம் கம்ப்யூட்டரும் பூஜைக்கு வர வேண்டும் என்றாள். நம் காரியத்துக்காக உழைத்த சாமான் அல்லவா. எனக்கும் அது சரியென்றே பட்டது.

தில்லித் தூசி லேசுப்பட்டதல்ல. ஒயர்களையெல்லாம் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்து அவளிடம் நீட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மடங்காத விரலால் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். பெட்டிக்கு, மானிட்டருக்கு, கீபோர்டுக்கு.

“அந்தக் குட்டி ஒயர விட்டுட்டியளே. அதுக்கும் பொட்டு வைக்கணும்லா?”

கொடுத்தேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். பெரிய ஒயர்களைப் பெட்டிமேல் சுற்றி வைத்தோம். குட்டி ஒயரைப் பித்தளைத் தட்டில், அவளுடைய சிவப்புப் பேனாவோடும் சாக்பீஸ் டப்பாவோடும் வைத்து, மேலே தமிழ்ப் பாடப்புத்தகத்தை வைத்தாள்.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் மூன்று நடையாக எல்லாவற்றையும் கீழே கொண்டுபோனேன். பெட்டி ஒரு நடை, மானிட்டர் ஒரு நடை, மற்றதெல்லாம் ஒரு நடை. மானிட்டர் ஒரு மூட்டை அரிசி கனம். தட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கட்டடத்துக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் துணிப்பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். எதிர் பூங்காவில் ராவணன் பொம்மையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி காலையிலேயே அலற ஆரம்பித்துவிட்டது. அங்கிள் வீட்டிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தார். அவரே குனிந்து பிளக்கைச் செருகினார். சொசைட்டி செயலாளர் கோயமுத்தூர்க்காரர். “பத்து நிமிசம் எடுத்துக்குங்க சார். மத்ததையும் பாக்கோணுமுங்க” என்றார்.

பெட்டியின் பின்பக்கம் ஒரே மாதிரி துளைகள் இருந்தன. மானிட்டர் ஒயர் எதில் பொருந்தியதோ அதில் செருகினேன். அது பழைய கார்டின் துளை. திரையில் ஐகான்கள் வந்தன. எனக்கு நிம்மதி. அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் படத்தை ஓடவிட்டேன்.

‘டக்’ என்றது. திரையில் ஐகான்கள் அப்படியே நின்றன.

கொஞ்ச நேரம் கழித்து மணி அடித்தது. லிப்ட் முதல் மாடிக்கு வந்துவிட்டது. பிறகு இரண்டாவது மணி. உள்ளே என் லிப்ட் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கிளின் சமையலறையில் வெயில் விழுந்துகொண்டிருக்கிறது. வெளியே மட்டும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மணி அடித்து முடிந்தது. நிறுத்தி மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் ‘டக்’. மறுபடியும் மூன்று மணி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே கதை. “சத்தம் வருது, படம் வரலை. ரேடியோவா பாயி சாஹிப்?” என்று பின்னாலிருந்து ஒருவர் ஹிந்தியில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த ‘டக்’ சத்தத்தை நான்கு தடவை கேட்டேன். படம் வரையப்படுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தும் பின்பக்கத்தில் ஏதோ குறைகிறது என்று என் புத்திக்கு எட்டவில்லை. அத்தனை கண்கள் பார்க்கும்போது எனக்கு மூளை வேலை செய்யாது.

அங்கிள் வீட்டுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. ஆன்ட்டி எழப் போனார். “இருக்கட்டும், தசரா வாழ்த்தாக இருக்கும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்று அங்கிள் அவரை உட்காரவைத்தார். படம் வந்துவிடுமென்று அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. வந்ததும் ஆன்ட்டி அதைத் தவறவிடக் கூடாது என்று நினைத்தார்.

அப்போதுதான் நீல வாளி இறங்கி வந்தது. சுவரை உரசிக்கொண்டு மெதுவாக வந்து, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் அவள் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்திருந்தாள். வாய் அசைந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமே! மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு இப்போது கொத்துமல்லி கேட்கிறதா என்று நினைத்தேன். வேண்டாம், போ என்பதுபோலக் கையை வீசினேன். வாளி அங்கேயே தொங்கியது.

பத்து நிமிடம் இருபதாகி, செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “ஆங்க் பந்த் கர்கே கைசே சைன் கரூங்கா, பேட்டா?” என்றார். கண்ணை மூடிக்கொண்டு எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று கேட்ட அவருடைய குரலில் வருத்தம்தான் இருந்தது. செயலாளர் லிப்ட் தீர்மானத்தின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்குப் போனார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அங்கிளும் ஆன்ட்டியும் மேலே வந்து படத்தைப் பார்த்தார்கள். அங்கிள் தன் வீட்டு வெயிலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “அடுத்த பொதுக்குழுவில் முதல் கையெழுத்து என்னுடையது” என்றார். அந்தப் பொதுக்குழு வருவதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்து, வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க லூதியானாவுக்குப் போய்விட்டார்கள். வாங்கியவர் வந்த வேகத்தில் பின்பக்க இடத்தையும் சேர்த்து ஓர் அறை கட்டிக்கொண்டார். லிப்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒருநாள் நேரு பிளேஸ் கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “குட்டி ஒயரே வேண்டாமே சார். படம் ஓட ஆரம்பித்ததும் மானிட்டர் ஒயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகியிருந்தால் படம் வந்திருக்கும்” என்றார். இரண்டு துளைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று வீட்டுக்கு வந்து அளந்தேன். மூன்றே அங்குலம். இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

தசரா அன்றைக்கே திரும்புகிறேன். கூட்டம் கலைந்தது. வாளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு போய் எட்டிப் பார்த்தேன். அடியில் அந்தக் குட்டி ஒயர், இரண்டு முனையிலும் குங்குமப் பொட்டோடு கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு படியேறினேன். பால்கனியில் அவள் அப்படியேதான் நின்றாள். கயிற்றை விடவில்லை, அந்த விரல்களால் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில் உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது. விஜயதசமிக்கு நாலு வரி படிக்கலாமென்று புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அடியில் ஒயர் இருந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தாளாம். கீழ்வீட்டுக்கு இரண்டு தடவை போன் போட்டாளாம். மூன்று மாடி இறங்கத்தான் முடியவில்லை.

“வாளிய எறக்குனேன். நீங்க கைய அசைச்சிய” என்றாள். “வேற ஒயரு இருக்கு போல, இது வேண்டாங்கியன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பெட்டியைக் கொண்டு வருகிறேன் என்று கீழே ஓடினேன். மறுபடியும் மூன்று நடை. வியர்க்க விறுவிறுக்கத் தரையில் உட்கார்ந்து குட்டி ஒயரை அதன் இடத்தில் மாட்டினேன். மானிட்டரைச் சரியான துளையில் செருகினேன். எதற்கு இந்த அவசரம், இனி யாருக்குக் காட்ட என்று எனக்கே தெரியவில்லை. அவள் நாற்காலியைப் பக்கத்தில் போடச் சொன்னாள்.

‘டக்.’ திரை முழுக்க வெயில்.

லிப்ட் கிளம்பியது. கீழ்வீட்டுச் சமையலறையில் தரையெல்லாம் வெளிச்சம். “ஆன்ட்டி வீட்டுப் புதினாவக்கூட விடலியே நீங்க!” என்று சிரித்தாள். மணி அடித்தது. முதல் மாடி. மணி அடித்தது. இரண்டாம் மாடி. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். மூன்றாவது மணி அடித்ததும் லிப்டின் கதவு திறந்து, எங்கள் வீட்டு வாசல் வந்தது. வாசலில் நான் வரைந்து வைத்த கோலம் இருந்தது. படம் அங்கே நின்றுவிட்டது.

அவள் மடங்காத விரலால் திரையிலிருந்த கோலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“சரி, இப்ப கீழ கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

நான் கீபோர்டின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிளுக்கு வெளிச்சத்தைக் காட்ட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், லிப்ட் ஏறுவதை மட்டுமே வரைந்திருந்தேன்.